கொல்லைப்புறத் தங்கமீன் குளத்தைப் பெரிதாக்குவதும் ஷீட்டை ஒட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியை ஒட்டி ஒரு சின்னக் குளம் வைத்திருக்கிறேன். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கியது. இப்போது 10 அடிக்கு 6 அடி, ஆழம் இரண்டரை அடி. இடையில் ஒருமுறை தவறாக ஒட்டி, தண்ணீரையும் ஒரு மீனையும் இழந்தேன். அதன் பிறகு என்னிடம் குளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது மண்ணைத் தோண்டி பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஷீட் விரித்த குளங்களுக்கானது. சிமென்ட் தொட்டிக்குப் பொருந்தாது.

குளத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று எப்போது முடிவு செய்வது?

மீன் சொல்லிவிடும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் போதவில்லை என்று அர்த்தம். இரவில் பாசியும் செடியும்கூட ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலைதான் மோசமான நேரம். நம் ஊர் வெயிலுக்கு இது இன்னும் முக்கியம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன். கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்துப் பழகியதால் சின்ன மீன் என்று நினைத்துவிடுகிறோம். நீள வால் காமெட் வகை, இடம் கிடைத்தால் ஓர் அடி நீளம் வரை வளரும். ஒரு காமெட்டுக்கு 150 லிட்டர் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரான்டா, ரியூகின் போன்ற உருண்டை வகைகளுக்கு 100 லிட்டர் போதும். உங்கள் குளம் இந்தக் கணக்கில் பாதியைத் தாண்டவில்லை என்றால் ஃபில்டரைப் பெரிதாக்குவதைவிடக் குளத்தைப் பெரிதாக்குவதே சரி.

எந்த மாதத்தில் செய்யலாம்?

தை, மாசி. மழை ஓய்ந்து மண் ஈரப்பதமாக, தோண்ட இலகுவாக இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. கத்திரியில் மீன்களை டிரம்மில் வைத்துக்கொண்டு தோண்டுவது வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அப்போது குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தால் ஷீட்டுக்கு அடியில் ஊற்று சேர்ந்து, ஷீட்டே திமிங்கிலத்தின் முதுகு மாதிரி மேலே எழும்பி நிற்கும். பள்ளமான பகுதிகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அதனால்தான் மழைக்காலத்தில் குளத்தை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கச் சொல்கிறேன்.

புது ஷீட்டுக்கு அளவு எப்படிப் போடுவது?

நீளத்துடன் இரண்டு மடங்கு ஆழத்தைக் கூட்டுங்கள். அதன்மேல் இரண்டு கரைக்கும் ஒவ்வோர் அடி. அகலத்துக்கும் இதேதான். என் குளத்துக்கு 10 + 5 + 2 = 17 அடி நீளம். 6 + 5 + 2 = 13 அடி அகலம். 17-க்கு 13 ஷீட். ஆழத்தை எடுக்கும்போது மிக ஆழமான இடத்தில் எடுங்கள்.

கொள்ளளவு வேண்டுமானால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 10 × 6 × 2.5 என்றால் 4,245. கரைகள் சரிவாக இருப்பதால் உண்மையில் ஒரு 3,500 லிட்டர் பிடிக்கும். அதாவது மூன்றரை டன் எடை. கரையைத் தளர்வாக விட்டால் என்ன ஆகும் என்று இந்த எண்ணை மனதில் வைத்து யோசியுங்கள்.

இருக்கும் ஷீட்டோடு புதுத் துண்டை ஒட்டிவிட்டால் செலவு மிச்சம்தானே?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். என் பதில்: முடிந்தால் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒரே ஷீட்டாகப் புதிதாக வாங்கி விரியுங்கள். பழைய ஷீட் மூன்று நான்கு வருட வெயிலைப் பார்த்திருக்கும். புதுத் துண்டு எத்தனை நல்லதாக இருந்தாலும் ஒட்டின் ஆயுள் பழைய பாதியின் ஆயுள்தான்.

ஆனாலும் ஒட்டத்தான் வேண்டும் என்ற நிலை வரும். ஷீட் இன்னும் நன்றாக இருக்கிறது, குளத்தின் ஒரு பக்கம் மட்டும் நீட்டுகிறீர்கள், அல்லது அத்தனை பெரிய ஒற்றை ஷீட் கிடைக்கவில்லை. அப்போது முதல் வேலை உங்கள் ஷீட் எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது. பசை வாங்குவது அதற்கு அப்புறம்.

எந்தப் பொருள் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கரையின் ஓரத்தில் மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் விரல் அளவு துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீன் வகை. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் எச்டிபிஇ, சில்பாலின், சாதாரண தார்பாலின் எல்லாம் இதில் அடங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பலவற்றில் நெய்த இழைகள் தெரியும்.

மூழ்கினால் இரண்டு வாய்ப்பு. இழுத்துப் பாருங்கள். சைக்கிள் டியூப் மாதிரி நன்றாக நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்கே திரும்பினால் ஈபிடிஎம் ரப்பர். நீண்டது அப்படியே தொளதொளவென்று நின்றால், ரெக்ஸின் வாசம் அடித்தால், பிவிசி.

சிலிக்கான் போட்டால் போதாதா? கண்ணாடித் தொட்டிக்கு அதைத்தானே போடுகிறார்கள்?

கண்ணாடிக்கு அது அருமையான பொருள். பாலிஎத்திலீனில் ஒட்டாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல்முறை நான் வைத்திருந்தது எச்டிபிஇ ஷீட். ஒரு கடையில் கேட்டேன், எதற்கும் ஒட்டும் என்று சொல்லி மூன்று குழாய் சிலிக்கான் கொடுத்தார்கள். அரை அடி மேலே ஏற்றி, இரண்டு வரிசை போட்டு, செங்கல் பாரம் வைத்து இரண்டு நாள் காயவிட்டேன். பார்க்க அத்தனை நேர்த்தியாக இருந்தது. தண்ணீர் விட்டு பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் காலையில் போனால் தண்ணீர் முழங்காலுக்குப் பாதிகூட இல்லை. மீன்கள் பழைய பள்ளத்தின் மூலையில் முதுகு தெரிய ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கியிருந்தன. நான்கு வயது ஒரான்டா ஒன்று ஷீட் மடிப்பில் மாட்டிக் கிடந்தது, காப்பாற்ற முடியவில்லை. அப்புறம் ஒட்டைப் பிரித்துப் பார்த்தேன். சிலிக்கான் எங்கும் அறுபடவில்லை. ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் ஆறடி நீளமும் ஒரே நாடாவாக, ஷீட்டில் ஒரு தடம்கூட இல்லாமல், கையோடு வந்தது. பசை நன்றாகத்தான் இருந்தது. ஷீட் அதை ஏற்கவே இல்லை.

பாலிஎத்திலீனின் மேற்பரப்பு மெழுகு போன்றது. சிலிக்கான், எம்-சீல், ரப்பர் சொல்யூஷன், இரண்டு குழாய் எபாக்ஸி எதுவும் தண்ணீருக்கு அடியில் அதில் நிலைக்காது. ஈபிடிஎம் ரப்பரிலும் சிலிக்கானை நம்பி ஒட்டு போடக் கூடாது.

அப்படியானால் எதற்கு எதைப் போடுவது?

எச்டிபிஇ என்றால் சூடு மட்டும்தான். பண்ணைக்குட்டைக்கு ஷீட் போடுகிறவர்கள் வெல்டிங் மெஷினோடு வருவார்கள். இரண்டு ஷீட்டையும் ஒரு சாண் அளவுக்கு மேலேற்றி, சூடான காற்றையோ சூடான ஆப்பையோ நடுவில் செலுத்தி உருக்கி, உடனே உருளையால் அழுத்துவார்கள். இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். வீட்டு அளவுக்கு அவர்கள் வரமாட்டார்கள் என்றால் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பட்டறைக்கே போய்விடுங்கள். அயர்ன் பாக்ஸ் வைத்து வீட்டில் முயற்சி செய்தவர்களைத் தெரியும். ஓரிடம் ஓட்டையாகும், அடுத்த இடம் ஒட்டியே இருக்காது. வேண்டாம்.

வெல்டிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: முதலில் வெட்டுத் துண்டுகள் இரண்டை ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஆறியதும் இரண்டு கையாலும் பிரித்து இழுங்கள். ஒட்டு விடாமல் ஷீட் கிழிந்தால் வேலை நல்ல வேலை. ஒட்டு உரிந்து வந்தால் சூட்டை மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். இதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, நல்ல வேலைக்காரர்கள் தாங்களாகவே செய்து காட்டுவார்கள்.

பிவிசி என்றால் வளையும் பிவிசிக்கான பசை தேவை. குழாய்க்குப் போடும் சால்வென்ட் சிமென்ட் வேண்டாம். அது ஒட்டும், ஆனால் காய்ந்ததும் விறைத்துப்போய், ஷீட் மடங்கும் இடத்தில் வெடிப்பு விடும்.

ஈபிடிஎம் என்றால் ப்ரைமரும், அதற்கென்றே வரும் இருபக்க ஒட்டு டேப்பும். வீட்டில் நாமே செய்யக்கூடிய ஒட்டு இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஈபிடிஎம் ஒட்டை எப்படிச் செய்வது?

சமதளம் முதலில். குளத்துச் சரிவில் வைத்து ஒட்டாதீர்கள். வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு பலகையை அடியில் வைத்து ஒட்டிவிட்டு, பிறகு தூக்கிக் கொண்டுபோய் விரியுங்கள். பழைய ஷீட்டை எடுக்க முடியாத நிலை என்றால் தோண்டிய குழிக்குள் ஒட்டு வரும் இடத்தில் பலகை போட்டு அதன்மேல் செய்யுங்கள்.

புது ஷீட்டின்மேல் முகப்பவுடர் மாதிரி ஒரு தூசு இருக்கும். தொழிற்சாலையில் சுருளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவியது. பழைய ஷீட்டில் பாசி, சேறு. இரண்டையும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, மறுபடி உலர்ந்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வரலாம், சாம்பல் பொடி வரக் கூடாது. அது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ஒட்டின் பலத்தில் பாதி இந்தத் துணியில்தான் இருக்கிறது.

அடுத்து ப்ரைமர். இரண்டு முகத்திலும், டேப்பின் அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக, மெல்லிய பூச்சு. தேங்கி நிற்கக் கூடாது. கடுமையான வாசம் வரும், தீப்பற்றக்கூடிய திரவம், அதனால் வெட்ட வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ வேண்டாம். ஐந்து பத்து நிமிடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலை எடுக்கும்போது நூல் இழுக்கக் கூடாது. அதுதான் பதம்.

டேப்பைக் கீழ் ஷீட்டில் நேராக ஒட்டி, மேல் தாளை உரிக்காமலேயே உருளையால் அழுத்துங்கள். மேல் ஷீட்டை அதன்மேல் படிய வைத்து, தாளை 45 டிகிரி கோணத்தில் கீழிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே, மறு கையால் ஷீட்டை அழுத்திக்கொண்டே போங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஷீட்டை இழுத்து நீட்டி ஒட்டக் கூடாது. நீட்டி ஒட்டினால் அது திரும்பச் சுருங்கப் பார்க்கும், ஒட்டில் இழுப்பு நிரந்தரமாக நிற்கும். ஒட்டியதும் முதலில் குறுக்காக, அப்புறம் நீளவாக்கில், கை வலிக்கும் அளவுக்கு உருளையை ஓட்டுங்கள். கடைசியில் ஷீட்டின் வெட்டு ஓரத்தில் அதற்கான சீலன்டைக் கோடாகப் பூசுங்கள்.

ஒருநாள் முழுதாக விட்டுவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

ஒட்டு குளத்தில் எங்கே வரலாம்?

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. இரண்டரை அடியில் இருப்பதைவிட ஓர் அடியில் அழுத்தம் பாதிக்கும் குறைவு. அதனால் செடித் தொட்டி வைக்க ஓர் அடி ஆழத்தில் ஒரு படி வெட்டி, அந்தப் படியின் மட்டமான பகுதியில் ஒட்டைக் கொண்டுவாருங்கள். மூலையில் வேண்டாம். ஷீட் மூலையில் மடிப்பு விழும், மடிப்பும் ஒட்டும் சந்திக்கும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தாலும் அதன் வழியே குளம் காலியாகிவிடும். ஒட்டின்மேல் தொட்டியோ கல்லோ வைக்காதீர்கள். நடந்து போகவும் கூடாது.

ஒட்டாமலேயே பெரிதாக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். பழைய குளத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்தில் புதுக் குளம் ஒன்றைத் தனி ஷீட்டில் தோண்டுங்கள், அதன் நீர்மட்டம் பழையதைவிட ஒரு சாண் கீழே இருக்கட்டும். நடுக்கரையில் ஓரிடத்தைத் தாழ்த்தி, பழைய குளத்து ஷீட்டை அதன் வழியே நாக்கு மாதிரி புதுக் குளத்துக்குள் தொங்கவிடுங்கள். புதுக் குளத்து ஷீட் அந்த நாக்குக்குப் பின்னால் மேலேறி நிற்க வேண்டும். புதுக் குளத்திலிருந்து மோட்டார் தண்ணீரைப் பழையதில் ஏற்றும், அது வழிந்து திரும்ப விழும். நம் ஊர் ஏரிகள் இப்படித்தானே, மேல் ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியே கீழ் ஏரிக்குப் போகும்.

கவனிக்க வேண்டியது நாக்கின் நுனி. கரையை ஒட்டியே விட்டால் தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாக ஊர்ந்து மண்ணுக்குள் போய்விடும். மூன்று அங்குலமாவது முன்னால் நீட்டி, மேலே ஒரு பலகைக்கல்லை வைத்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் பயமில்லை, மேல் குளம் நாக்கு மட்டத்தோடு நின்றுவிடும். விழும் தண்ணீரில் காற்று கலப்பதால் கோடையில் மீனுக்கும் நல்லது. குஞ்சு மீன்கள் வழிந்து விழாமல் ஒரு வலைத்துண்டு போதும்.

தோண்டும்போது என்ன பார்க்க வேண்டும்?

கோரை. ஒரு கோரைக்கிழங்கு மண்ணில் மிச்சம் இருந்தாலும் அதன் முளை ஊசி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வரும். ஓர் அடி ஆழத்துக்கு மண்ணைச் சலித்தாவது எடுத்துவிடுங்கள். பெருச்சாளி வளை இருந்தால் செங்கல் ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு அடையுங்கள். அடியில் இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பழைய கார்ப்பெட் அல்லது தடித்த ஃபெல்ட். கோணிச்சாக்கு மக்கிவிடும், நம்ப வேண்டாம்.

கரை மட்டத்துக்குக் கண்ணை நம்பாதீர்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், கேட்டு வாங்கி நான்கு பக்கமும் பாருங்கள். தண்ணீர் நிரம்பிய பிறகு ஒரு பக்கம் ஷீட் ஒரு சாண் தெரிந்து மறுபக்கம் வழிந்தால் அது காலம் முழுக்கக் கண்ணை உறுத்தும்.

வேலை முடியும் வரை மீன்களை எங்கே வைப்பது?

வாய் அகலமான பெரிய டப் அல்லது பழைய சின்டெக்ஸ் தொட்டி, நிழலில், குளத்துத் தண்ணீரையே ஊற்றி. முதல் நாள் தீனி போடாதீர்கள். ஏர் பம்ப் ஓடட்டும், மேலே வலை கட்டுங்கள். பயந்த மீன் குதிக்கும், பூனையும் காத்திருக்கும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சை எக்காரணம் கொண்டும் காயவிடாதீர்கள், குழாய்த் தண்ணீரிலும் கழுவாதீர்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அதை உருவாக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகியிருக்கும். டப்பிலேயே ஃபில்டரை ஓடவிட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை.

புதுத் தண்ணீரில் உடனே மீன் விடலாமா?

பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்காவது சேமித்து வைத்து ஊற்றுங்கள். மீதிக்குக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் போடுங்கள், அல்லது இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்துக் காற்று ஓட்டுங்கள். போர் தண்ணீர் என்றால் குளோரின் இல்லை, ஆனால் நிலத்துக்கு அடியிலிருந்து வரும்போது ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். உயரத்திலிருந்து பீய்ச்சி நிரப்புங்கள், ஒருநாள் கழித்து விடுங்கள்.

முதல் மாதம் அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று கையில் இருக்கட்டும். தண்ணீரின் காரத்தன்மை கூடினால் அதே அம்மோனியா கூடுதல் விஷமாகிவிடும், நம் போர் தண்ணீர் பலவும் அப்படித்தான். கிட்டில் அம்மோனியா தெரிந்தால் தீனியை நிறுத்தி, தினம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் 1,000 லிட்டருக்கு 1 கிலோ கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பில் உள்ள குளோரைடு, மீனின் செவுள் வழியே நைட்ரைட் ஏறுவதைத் தடுக்கும்.

தண்ணீர் குறைகிறது. ஒட்டு விட்டுவிட்டதா, வெயிலா?

ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் கரையிலேயே வையுங்கள். பக்கெட்டிலும் குளத்திலும் மட்டத்தைக் குறித்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஏர் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒருநாள் கழித்துப் பாருங்கள். கோடையில் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை ஆவியாகும். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் வெயில். மோட்டார் ஓடும்போது மட்டும் குளம் கூடுதலாகக் குறைந்தால் குழாயிலோ அருவியிலோ கசிவு. கரையோரப் புல் வேரைத் தண்ணீருக்குள் விட்டு, விளக்குத் திரி மாதிரி உறிஞ்சுவதையும் பாருங்கள்.

நிறுத்தி வைத்தும் குளம் மட்டும் குறைகிறது என்றால் குறைய விடுங்கள், எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த வளையத்தில்தான் ஓட்டை. மீனுக்குப் போதிய ஆழம் இருக்கும்வரைதான் இதைச் செய்யலாம். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது சிரிஞ்சில் கொஞ்சம் பாலை எடுத்து ஒட்டின் ஓரமாகச் சொட்டு சொட்டாக விடுங்கள். கசியும் இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து உள்ளே இழுபடும். நான் கண்டுபிடித்தபோது அந்தச் சந்து என் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருந்தது.

பழைய மீன்களோடு டேங்க் கிளீனரையும் விடலாமா? அதிகமான குஞ்சுகளை ஏரியில் விடலாமா?

இரண்டும் கூடாது. டேங்க் கிளீனர் என்று விற்கிற உறிஞ்சுவாய்க் கெளுத்தி தென் அமெரிக்க மீன். தொட்டியிலிருந்து தப்பி நம் ஏரி குளங்களில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டு இருக்கிறது. தங்கமீனும் ஏரிக்குச் சொந்தமில்லை, சேற்றைக் கிளறி நீர்ச்செடிகளை அழிக்கும். குஞ்சுகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அல்லது கொளத்தூர் பக்கம் போகும்போது வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மிச்சமான ஷீட்டை என்ன செய்ய?

தூக்கிப் போடாதீர்கள். ஒரு சதுர அடித் துண்டுகளாக நான்கைந்து வெட்டி, வெயில் படாமல் பரணில் வையுங்கள். எந்தப் பொருள், எந்த வருடம் வாங்கியது என்று மார்க்கரால் அதிலேயே எழுதிவிடுங்கள். ஓட்டை விழும் நாளில் அதே பொருளில் ஒட்டுத்துண்டு கையில் இருக்கும், டம்ளரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் வேலையும் மிச்சம்.